வெள்ளாமைக்காரர் வீடியோ போட்டால்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்து வாழப்பாடிக்கு அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர். குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி, பாக்கு, கிணற்றில் தண்ணீர் நின்றால் கொஞ்சம் மஞ்சள். மனைவியின் பிறந்த வீடு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில். அங்கே ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும். இந்த இரண்டு இடங்களிலும் நடப்பதை ஆறு வருடங்களாக யூடியூபில் போட்டு வருகிறோம். அதனால் தலைவாசல் காய்கறி மார்க்கெட்டில் மூட்டையை இறக்குவதற்குள், ஏற்காடு பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள், துக்க வீட்டில்கூட, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார். அடுத்து வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்; பேச்சை மட்டும் கொஞ்சம் நேராக்கியிருக்கிறேன்.

அண்ணா, வீடியோ போட்டால் பணம் தருவது யார்? அரசாங்கமா?

சிரிக்காதீர்கள், இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். பணம் விளம்பரக்காரர்களுடையது. நம் வீடியோவுக்கு முன்னாலும் நடுவிலும் சோப்பு, டிராக்டர், நகைக்கடை என்று ஓடுகிறதே, அதற்கு அவர்கள் யூடியூபுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு நமக்கு வருகிறது. நீளமான வீடியோ என்றால் 100 ரூபாயில் 55 நமக்கு, 45 அவர்களுக்கு. ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களுக்கு நம் பங்கு 45 சதவீதம்.

இது தவிர மூன்று வழிகள் உண்டு. பார்ப்பவர்கள் விருப்பப்பட்டு நேரடியாகத் தரும் தொகை, கம்பெனிகள் தங்கள் பொருளைக் காட்டச் சொல்லித் தரும் தொகை, நம் விளைபொருளை நாமே விற்று வரும் தொகை. எங்களுக்கு இந்தக் கடைசி வழிதான் கைகொடுத்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனை பேர் சேர்ந்தால் பணம் வரத் தொடங்கும்? ஆயிரம் பேர் என்கிறார்கள், லட்சம் பேர் என்கிறார்கள்.

ஆயிரம்தான். ஆனால் அது பாதிக் கணக்கு. 1,000 சந்தாதாரர்களுடன், கடந்த 12 மாதங்களில் உங்கள் நீள வீடியோக்களை மக்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நிறைந்தால் விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் சேனலைப் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது மறுப்பார்கள். அதற்குக் கீழே 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம் என்று ஒரு படி உண்டு. அதில் பார்வையாளர்கள் நேரடியாகத் தரும் பணத்தை மட்டும் வாங்கலாம், விளம்பரப் பங்கு வராது.

4,000 மணி நேரம் என்பதை நிமிடமாக்கினால் 2,40,000. ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரையும் சந்தா போட வைத்து ஆயிரத்தை எட்டிவிடலாம். மணி நேரத்தை எட்ட முடியாது. மாமா முதல் அரை நிமிடத்தோடு நிறுத்திவிடுவார். காசு கொடுத்து ஆள் சேர்ப்பது, 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்று குழு வைத்துச் சேர்ப்பது இரண்டும் விதிமீறல். கண்டுபிடித்தால் சேனலுக்கே ஆபத்து.

சரி, மறைக்காமல் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு வரும்?

மறைக்க ஒன்றுமில்லை, ஒரே எண்ணாகச் சொல்லத்தான் முடியவில்லை. ஒரு மாதம் டீசல் செலவுக்கு ஆனது. ஒரு மாதம் பாக்கு உரித்தவர்களின் கூலி முழுவதையும் அதிலிருந்து கொடுத்தோம். தொடர்ந்து இரண்டு மாதங்கள் ஒரு பைசாவும் வரவில்லை, காரணம் கீழே வங்கிக் கேள்வியில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் பார்த்தால் விளம்பர விலை கூடுதல், இங்கே பார்த்தால் குறைவு. தீபாவளியை ஒட்டி ஏறும், ஜனவரியில் சரியும். ஒரே அளவு பார்வை கிடைத்த இரண்டு வீடியோக்களில் ஒன்றுக்கு மூன்று மடங்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அவர்களும் விவசாயக் குடும்பம்தானே என்று எல்லோரும் அதையே காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் ஊரில் ஒருவர் ஒரு வருடம் மஞ்சளில் அள்ளினார் என்று மறு வருடம் ஊரே மஞ்சள் போட்டதும், விலை என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியாதா? குச்சிக்கிழங்குக்கு நடுவே சின்ன வெங்காயம் ஊன்றுகிறோமே, அதுபோல இதை வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு நிழல் கட்டுவதற்குள் வெங்காயம் வந்துவிட்டால் லாபம். வெங்காயத்துக்காகக் கிழங்குக்குத் தண்ணீரை நிறுத்துகிறவர் யாரும் இல்லை.

நல்ல கேமரா வாங்க எவ்வளவு ஆகும்? தவணையில் எடுக்கலாமா?

வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும், படுக்கை வாட்டில் பிடித்தால். நாங்கள் முதலில் செலவு செய்தது சட்டையில் மாட்டும் சின்ன மைக்குக்கு. படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், குரல் கேட்கவில்லை என்றால் உடனே போய்விடுகிறார்கள். மலையில் மிளகு பறித்த முதல் வீடியோவில் மனைவி ஏணியில் நின்று பத்து நிமிடம் அருமையாகப் பேசினார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் 'புர்ர்ர்' என்று காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மைக்கின் தலையில் மாட்டும் மயிர் உறை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது அப்போது தெரியாது. அதுவரை பழைய ஸ்வெட்டர் கையை வெட்டிக் கட்டி ஓட்டினோம். அதுவும் வேலை செய்தது.

வெளிச்சத்துக்குக் காலை எட்டு மணிக்கு முன், மாலை நான்கரைக்குப் பின். மோட்டார் ஓடும்போது பேசாதீர்கள். குச்சிக்கிழங்கு ஒடித்த கையோடு போனைத் தொடாதீர்கள்: அந்தப் பால் காய்ந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் போன் உங்கள் ரேகையை அடையாளம் காணாது. ஒரு நாள் முழுவதும் என் போனுக்கு நான் யாரோவாக இருந்தேன்.

எனக்குப் பேச வராது. டிவியில் பேசுகிற மாதிரி தமிழ் எனக்கு எங்கே வரும்?

வரவே வேண்டாம். நான் இங்கே எழுதுகிற மாதிரி வீடியோவில் பேசினால் என் அம்மாகூடப் பார்க்கமாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வரப்பில் நின்று எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள். ஒரு வழி: போனை ஒருவர் பிடிக்கட்டும், அவரே கேள்வி கேட்கட்டும். கேமராவைப் பார்த்தால் வாய் கட்டிப்போகிற ஆள்கூட, 'ஏங்க, இந்த இலை ஏன் இப்படிச் சுருண்டிருக்கிறது?' என்று மனைவி கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என்னிடம் இருப்பது இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு. அதில் என்ன இருக்கிறது காட்ட?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பாயசத்தில் ஜவ்வரிசியைப் போட்டுக் காலமெல்லாம் குடித்தவர்களுக்கு அது ஒரு கிழங்கிலிருந்து வருகிறது என்பதே தெரியாது. ஏதோ செடியில் காய்க்கும் மணி என்று நினைக்கிறார்கள். சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் இங்கே இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் போனால் ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வது கண்ணைக் கூசும். இதெல்லாம் நமக்கு அன்றாடம், பார்ப்பவருக்கு அதிசயம்.

எங்கள் சேனலில் இன்றும் அதிகம் பார்க்கப்படுவது 'பாயிண்ட்' வீடியோதான். கிழங்குக்கு விலை எடையை மட்டும் பார்த்து வருவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து அதற்கு விலை. எடை போட்ட கிழங்கைக் கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். நீர்க்கிழங்கு என்றால் முள் இறங்கிவிடும். இதை ஆலையில் படம் பிடிக்கக் கேட்டோம். ஓர் ஆலையில் விட்டார்கள், மற்ற இரண்டில் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், வெங்காயம் போடும் வலைப்பையில் ஐந்து கிலோ கிழங்கைப் போட்டு, தொங்கு தராசில் மாட்டி நாங்களே காட்டினோம். ஒரே தோட்டத்தில் மேட்டுப் பக்கத்துக் கிழங்கும், வாய்க்கால் ஓரத்துக் கிழங்கும். தராசு முள் இரண்டுக்கும் வெவ்வேறு இடத்தில் நின்றதும் பின்னால் நின்ற என் அப்பா 'அட' என்றார். அந்த 'அட'வை வெட்டாமல் விட்டோம். கருத்துப் பெட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

எங்களுக்கு ஏற்காட்டில் தோட்டம் இருக்கிறது. பனியும் வளைவு ரோடும் எல்லோரும் எடுத்துவிட்டார்களே?

எடுக்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவையும் பனியையும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள். சுற்றுலா வருகிறவர் இரண்டு நாளில் பார்க்க முடியாதது உங்களிடம் இருக்கிறது. கோடையில் முதல் மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். கிளை முழுவதும் வெள்ளைச் சரம், மல்லிகை போல மணம், மூன்று நான்கு நாளில் முடிந்துபோகும். அந்த மழை எப்போது வரும் என்று மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது, வந்த பிறகு அடுத்த மழை வருமா என்று கவலைப்படுவது, இதைத்தான் மக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறிப்பு, களத்தில் காயவைத்ததைக் குரங்கிடமிருந்து காப்பது. போதுமா?

இரண்டு எச்சரிக்கை. தோட்டத்தை ஒட்டிய காப்புக்காட்டுக்குள் போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும்; 'எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தானே' என்று போகாதீர்கள். காட்டெருமை வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போவது வீரமல்ல, பிள்ளைகுட்டிக்காரர் செய்யும் வேலையுமல்ல. இன்னொன்று: பழம் பறிக்க வரும் ஆட்களின் முகத்தை அவர்களைக் கேட்காமல் காட்டாதீர்கள். கூலிக்கு வந்தது பறிக்க, நடிக்க அல்ல.

குட்டி வீடியோ நல்லதா, பெரிய வீடியோ நல்லதா?

குட்டி வீடியோ ஆளைக் கூட்டும், பெரிய வீடியோ காசைக் கூட்டும். ஷார்ட்ஸ் ஓடும் வரிசையில் பார்த்த நேரம் முன்னே சொன்ன 4,000 மணி நேரத்தில் சேராது. 8 நிமிடமும் அதற்கு மேலும் உள்ள வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அதற்காக இரண்டு நிமிடச் சங்கதியை எட்டு நிமிடமாக இழுத்தால் நமக்கே தெரிந்துவிடும்.

பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடினால் நன்றாக இருக்குமே? எல்லோரும் போடுகிறார்களே?

போட்டால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோவே முடக்கப்படலாம். காப்புரிமைப் புகார் தந்து எச்சரிக்கை விழுந்தால் அது 90 நாட்கள் நிற்கும். அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலை மூடிவிடுவார்கள். நாம் வேண்டுமென்று போடாவிட்டாலும் வரும்: மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய ஒலிபெருக்கி முக்கால் கிலோமீட்டர் தூரத்திலிருந்து எங்கள் வீடியோவுக்குள் நுழைந்து, வருமானத்தை எடுத்துக்கொண்டு போனது. யூடியூபே இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தமே போதும்.

பணம் வங்கிக்கு எப்படி வரும்? அமெரிக்காவுக்கு ஏதோ படிவம் அனுப்ப வேண்டுமாமே?

பயப்பட வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும். யூடியூப் பணத்தை வாங்க ஆட்சென்ஸ் என்னும் கூகுள் கணக்கு தொடங்க வேண்டும். 18 வயது நிறைந்தவர் பெயரில். 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சோதிக்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். சாதாரணத் தபால். மலை ஊர்க்காரர்கள் தவிப்பது இங்கேதான். கதவு எண் இல்லாத வீடு, மூன்று ஊர்களுக்கு ஒரு தபால் நிலையம். எங்கள் முதல் கடிதம் வரவேயில்லை. இரண்டாவது, அடுத்த தெருவில் என் மனைவியின் பெயரே கொண்ட ஒருவர் வீட்டுக் கூரையில் செருகிக் கிடந்தது. முகவரியில் ஊருக்குப் பிறகு தபால் நிலையத்தின் பெயர், பின்கோடு, தபால்காரருக்குத் தெரிந்த அடையாளம் மூன்றையும் எழுதுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

100 டாலர் சேர்ந்த பிறகே அனுப்புவார்கள். சேரவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடும். எங்களுக்கு இரண்டு மாதம் ஒன்றும் வராதது இதனால்தான். சேர்ந்தால் அடுத்த மாதம் 21ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பணம் வந்து சேர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு ஒன்றை வங்கியில் கேட்டு வாங்க வேண்டும். சின்னக் கிளையில் அது இல்லை என்றால் எந்தக் கிளையின் கோடைப் போடுவது என்று மேலாளர் சொல்வார்.

அமெரிக்கப் படிவம் உண்மைதான். அங்கே இருப்பவர்கள் பார்த்த பார்வைக்கு வரும் பணத்தில் அந்த நாட்டு வரி பிடிப்பார்கள். இணையத்திலேயே படிவத்தை நிரப்பி பான் எண்ணைக் கொடுத்தால், இந்தியாவுடனான ஒப்பந்தப்படி அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்தத்தில் 24 சதவீதம்வரை பிடிக்கலாம். கால் மணி நேர வேலைக்குச் சோம்பேறித்தனப்பட்டு நான் ஒரு மாதம் இழந்தேன்.

விவசாயத்துக்குத்தான் வருமான வரி இல்லையே, பிறகு இதற்கு ஏன் கணக்கு?

விளைந்ததற்கு வரி இல்லை. விளைவதைக் காட்டிச் சம்பாதித்தது விளைந்தது ஆகாது. அது தொழில் வருமானம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். மைக், இணையக் கட்டணம், படத்தொகுப்புக்குக் கொடுத்தது எல்லாம் செலவாகக் காட்டலாம், ரசீது இருந்தால்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதிகம் பேர் கேட்பது: 'பிஎம் கிசான் பணம் நின்றுவிடுமா?' வருடம் 6,000 ரூபாய் தரும் அந்தத் திட்டத்தில், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் இருக்கும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்று விதி. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம்; ஆகவே சேனலை மனைவி பெயருக்கு மாற்றித் தப்பிக்கலாம் என்பது நடக்காது. கணக்குத் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு என்பதையும் கவனியுங்கள். வரம்பை நெருங்கினால் சேலத்தில் ஒரு ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். டீக்கடை ஆடிட்டர்களை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து.

மருந்துக் கம்பெனிக்காரர் ஐந்து பாட்டில் கொடுத்து, 'பயிர் பச்சென்று ஆகிவிட்டது என்று சொல்லுங்கள் போதும்' என்கிறார். சொல்லலாமா?

பயிர் பச்சென்று ஆனதா? ஆகவில்லை என்றால் சொல்லக்கூடாது. பேச்சு அங்கேயே முடிந்தது. ஆகியிருந்தாலும், பணமோ பொருளோ வாங்கியிருந்தால் 'விளம்பரம்' என்று வீடியோவிலேயே, பேசும் மொழியிலேயே, கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றியவருக்கும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம்வரை. பொருளாகக் கொடுத்தாலும் கணக்கு உண்டு: ஒரே நிறுவனம் வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. களை எடுக்கும் கருவியைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் வராது.

எங்களுக்கு வந்த பதினைந்து பேரில் மூன்று பேரோடுதான் ஒத்துவந்தது. ஒருவர் பாட்டிலின் மேலே ஒட்டிய தாளில் எந்தப் பயிருக்கு என்றே இல்லை. அவர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்.

பார்ப்பவர்கள் 'என் செடிக்கு என்ன அடிப்பது' என்று போட்டோ அனுப்புகிறார்கள். பதில் சொல்லலாமா?

இதில் நான் சறுக்கியவன். குச்சிக்கிழங்கில் புது வகை மாவுப்பூச்சி வந்த நேரம்: நுனி முழுவதும் கொத்தாகச் சுருங்கி, இலை பூங்கொத்து மாதிரி ஆனது. 2020இல் கேரளத்தில்தான் இந்தியாவில் முதலில் கண்டார்கள், பிறகு நம் பக்கம் பரவியது. நான் பழைய மாவுப்பூச்சி என்று நினைத்து, நான் அடித்த மருந்தின் பெயரையும் அளவையும் வீடியோவில் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான் ஆதாரம். கெங்கவல்லிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அதைப் பார்த்து மூன்று முறை அடித்தார்; பூச்சியும் போகவில்லை, காசும் போயிற்று. 'அண்ணா, நீங்கள் சொன்னீர்களே' என்றார் போனில். திட்டியிருந்தால் பரவாயில்லை.

2022 மார்ச்சில், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து பெருக்கிய அனாகைரஸ் லோபேசி என்னும் ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். எறும்பைவிடச் சின்னது, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் காலி செய்கிறது. கண்டபடி மருந்தடித்தால் இதுதான் முதலில் சாகும். என் பழைய வீடியோவை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று ஒரு வீடியோ போட்டேன்.

இப்போது என் வழக்கம் இது: நான் என் வயலில் செய்ததை, தேதியோடு, விளைவோடு சொல்வேன். உங்கள் செடிக்கு மருந்துப் பெயர் சொல்லமாட்டேன். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையை எடுத்துப் போங்கள் என்பேன், அல்லது 1800 180 1551 என்னும் கிசான் கால் சென்டர் எண்ணைக் கொடுப்பேன். பாட்டிலில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையாவது பாருங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சு குறைந்துகொண்டே வரும்.

மாம்பழம், காப்பித்தூள் என்று நம் பொருளையே விற்றால் என்ன?

செய்யலாம், செய்ய வேண்டும் என்பேன். முதல் கேள்வியில் சொன்ன கடைசி வழி இதுதான். இடைத்தரகர் இல்லாமல் மிளகு விற்ற முதல் வருடம், ஆறு மாத விளம்பரப் பணத்தைவிட அது அதிகம். பழம் பறித்ததிலிருந்து கொட்டை காய்ந்ததுவரை பார்த்தவர், விலை ஏன் இவ்வளவு என்று கேட்பதில்லை.

சிக்கல்களும் உண்டு. வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், பொட்டலத்தில் அந்த எண்ணும் வேண்டும். மல்கோவாவைக் கூரியரில் அனுப்புவது பிள்ளையை ஊருக்கு அனுப்புகிற மாதிரி. பழுத்ததை அனுப்பினால் கூழாகப் போய்ச் சேரும். முற்றிய காயாக, வைக்கோல் போட்டு, 'நான்கு நாள் வைத்துச் சாப்பிடுங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. வைக்கோலில் அடுக்குவதை வீடியோவில் காட்டிய பிறகு அந்தச் சந்தேகக் கேள்விகள் நின்றன.

களத்தையும் கிணற்றையும் காட்டினால் கண் படாதா? திருட்டு வராதா?

கண்ணுக்கு எலுமிச்சம்பழம் இருக்கிறது. திருட்டுக்குத்தான் யோசிக்க வேண்டும். மிளகு காய்கிற களத்தை அன்றைக்கே காட்டாதீர்கள். மூட்டை விற்று லோடு போன பிறகு வீடியோவைப் போடுங்கள். பார்ப்பவருக்கு ஒரு வாரம் தாமதம் தெரியாது. ஊர்ப் பலகை, வீட்டு வாசல், வண்டி எண் தெரியாமல் எடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கி, 'சேனல் பார்த்தோம், தோட்டம் சுற்றிக் காட்டுங்கள்' என்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அன்றைக்கு நீர் பாய்ச்சும் முறை உங்களுடையதாக இருக்கும். பங்காளியோடு வரப்புத் தகராறு இருந்தால் அந்த வரப்பைக் காட்டவே காட்டாதீர்கள்.

பேத்தியை வைத்து எடுத்தால் நன்றாக ஓடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் எடுக்கிறோம்…

ஓடும். ஆனால் குழந்தைகளுக்கான வீடியோ என்று வகைப்படுத்தினால் கருத்துப் பெட்டி மூடப்படும், விளம்பரப் பணமும் குறையும். அதைவிட, அவள் வேண்டாம் என்று சொன்ன நாளில் நீங்கள் விட்டுவிடுவீர்களா? தயங்கினால் ஆரம்பிக்காதீர்கள்.

பேசுவது நான், எடுப்பது நான். சேனலும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில். இது சரியா, அண்ணா?

ஓமலூரிலிருந்து வந்த ஒரு தங்கை கேட்டது. சரியில்லை என்று அவருடைய வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னேன். எங்கள் வீட்டில் சேனல் மனைவி பெயரில், பணம் அவருடைய கணக்கில். வீடியோவில் பாதிக்கு மேல் அவர்தான், மக்கள் தேடுவதும் அவரைத்தான். சேனல் அமைப்பில் இன்னொருவருக்கு மேலாளர் உரிமை கொடுக்க வழி இருக்கிறது, கடவுச்சொல்லைப் பகிர வேண்டியதில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து தொடங்கினால், பிரிந்தால் சேனல் யாருக்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிலத்தைப் பிரிக்க சர்வேயர் வருவார். சேனலைப் பிரிக்க யாரும் வரமாட்டார்கள்.

சேனலைத் திருடிவிடுவார்களாமே, எப்படி?

'உங்களோடு விளம்பர ஒப்பந்தம் செய்ய விரும்புகிறோம், விவரம் இணைப்பில்' என்று மின்னஞ்சல் வரும். இணைப்பைத் திறந்தால் கணினியில் புகுந்து கணக்கைக் கொண்டுபோய்விடும். மறுநாள் உங்கள் குச்சிக்கிழங்குச் சேனலில் கிரிப்டோ நாணயம் விற்றுக்கொண்டிருப்பார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள். மேலே சொன்ன மருந்துக் கம்பெனிக்காரர் மாதிரி நேரில் வந்து பாட்டிலைக் காட்டாதவரோடு ஒப்பந்தம் பேசாதீர்கள்.

ஒரு வருடம் போட்டேன், முந்நூறு பேர்கூடச் சேரவில்லை. விட்டுவிடவா?

கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள்? போன் செலவுதான் என்றால் அவசரம் இல்லை. நம் சேனலின் புள்ளிவிவரப் பக்கத்தில், மக்கள் எந்த நொடியில் போய்விடுகிறார்கள் என்று ஒரு கோடு இருக்கும். எங்கள் பழைய வீடியோக்களில் அது முதல் இருபது நொடியில் கிணறு மாதிரி இறங்கியது. காரணம், 'வணக்கம், நலமாக இருக்கிறீர்களா, நம் சேனலுக்குப் புதிதாக வந்தவர்கள்…' என்று நான் பாடிய பாட்டு. அதை வெட்டிவிட்டு, கிழங்கைப் பிடுங்கும் இடத்திலிருந்தே தொடங்கினோம்.

ஆனால் கடன் வாங்கி, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இதையே நம்பியிருந்தால், ஆம், விட்டுவிடுங்கள். தோட்டம் போன பிறகு எதைக் காட்டுவீர்கள்? மேச்சேரி ஆட்டைப் பற்றி வீடியோ போட்டு நன்றாக வந்துகொண்டிருந்த ஒருவர் ஆடுகளை விற்றுக் கேமரா வாங்கினார். இப்போது அடுத்தவர் ஆட்டைப் படமெடுக்க, பொட்டனேரி வழியாகப் பைக்கில் சுற்றுகிறார்.

உங்கள் அடுத்த வீடியோ எப்போது? ஒரு மாதமாகக் காணோமே?

கிழங்கு பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்ன பன்னிரண்டு பேரில் நேற்று ஐந்து பேர் வந்தார்கள். லோடு ஏறி, பாயிண்ட் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் என் முறை. மனைவி நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறார். மேகம் கட்டியிருப்பதாக மாமனார் போனில் சொன்னார். மழை விழுந்து காப்பி பூத்தால் அவர் எடுத்து அனுப்புவார், ஸ்வெட்டர் கை கட்டிய மைக்கோடு.